நிட்டா பள்ளத்தாக்கிலிருந்து பிரேமன் வரை: எர்ன்ஸ்ட் மாய் கட்டிய வீடுகளைத் தேடி

செவ்வாய் – பிராங்க்ஃபர்ட், நீடர்ராட்

பிராங்க்ஃபர்ட்டில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் விமான நிலையத்தையும் வங்கிக் கோபுரங்களையும் பார்த்துவிட்டு வேறு ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். நான் வந்தது நகரின் ஓரங்களில் 1925க்கும் 1930க்கும் இடையில் எழுந்த குடியிருப்புகளைப் பார்ப்பதற்காக. அந்த ஐந்தாண்டுகளில் 12,000க்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பொறுப்பேற்ற நகரக் கட்டுமானத் தலைவர் எர்ன்ஸ்ட் மாய். நவீனக் கட்டடக்கலை பற்றிய நூல்களில் அவருடைய சமகாலத்தவர்களின் வில்லாக்களுக்குக் கிடைக்கும் பக்கங்களில் பாதிகூட இவருடைய வாடகை வீடுகளுக்குக் கிடைப்பதில்லை. ஆயினும் ஒரு நகரம் தன் மக்களுக்கு எங்கே, எப்படி, யாருடைய பணத்தில் வீடு கட்டித் தரும் என்ற கேள்வியை இவர் அளவுக்குச் செயலில் இறங்கி ஆராய்ந்தவர்கள் சிலரே.

மாய் இதே நகரத்தில் 1886 ஜூலை 27 அன்று தோல்பொருள் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர். டார்ம்ஸ்டாட்டிலும் மியூனிக்கிலும் படித்தார். அவரை உருவாக்கியது இங்கிலாந்து என்றே சொல்ல வேண்டும். 1910 முதல் லண்டனில் நகரத் திட்டமிடுநர் ரேமண்ட் அன்வினின் அலுவலகத்தில் வேலை பார்த்தபோது, ஹாம்ஸ்டெட் தோட்டப் புறநகர் உருவாவதை அருகிலிருந்து கண்டார். நகரம் காகிதத்தில் கொட்டிய மையைப் போல நாலாபக்கமும் பரவ விடக் கூடாது, தாய் நகரத்துக்கும் அதைச் சுற்றி அமையும் சிறு குடியிருப்புகளுக்கும் இடையே வயலும் தோப்பும் நிற்க வேண்டும் என்பது அங்கே அவர் கற்ற பாடம். முதல் உலகப் போருக்குப் பின் சைலீசியாவின் கிராமப்புறங்களில் வீடு கட்டும் நிறுவனத்தை பிரெஸ்லாவ் நகரிலிருந்து நடத்தினார். அந்நகரம் இன்று போலந்தில் இருக்கிறது. அங்கிருந்துதான் பிராங்க்ஃபர்ட் மேயர் லுட்விக் லாண்ட்மான் 1925இல் அவரை அழைத்து, திட்டமிடலையும் கட்டுமானத்தையும் ஒரே கையில் ஒப்படைத்தார்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்தப் பயணம் முழுவதும் அந்தக் கேள்வியோடுதான் நடக்கப் போகிறேன். 1923இன் பணவீக்கத்தில் ஜெர்மானியப் பணம் மதிப்பிழந்தபோது, பழைய வீடுகளின் உரிமையாளர்கள் தலையில் இருந்த அடமானக் கடன்களும் அதோடு ஏறக்குறைய காணாமல் போயின. உழைக்காமல் கிடைத்த அந்த லாபத்தின் மீது 1924 முதல் அரசு ஒரு வீட்டு வரி விதித்து, அதில் ஒரு பகுதியைப் புதிய வீடுகளுக்குக் குறைந்த வட்டிக் கடனாகத் திருப்பிவிட்டது. நகரப் பொருளாளர் புரூனோ ஆஷ் இந்த நிதியைத் திரட்டித் தராமல் இருந்திருந்தால் மாயின் வரைபடங்கள் வரைபடங்களாகவே இருந்திருக்கும்.

மாலையில் டிராமில் மைன் ஆற்றைக் கடந்து நீடர்ராட் வந்தேன். புரூக்ஃபெல்ட் தெருக் குடியிருப்பு, 1926–27இல் மாயும் அவருடைய உதவியாளர் கார்ல்-ஹெர்மான் ருட்லோஃபும் அமைத்தது. ஊரார் இதை இன்றும் ‘சிக்சாக்’ வீடுகள் என்கிறார்கள். வீடுகள் தெருவுக்கு நேராக முகம் காட்டாமல், ஒவ்வொன்றும் சற்றே திரும்பி, ரம்பப் பற்களாக நிற்கின்றன. அலங்காரத்துக்கு எனத் தோன்றும், ஆனால் காரணம் சூரியன்: நேர் வரிசையில் நின்றிருந்தால் சில வீடுகளுக்கு வெயில் எட்டியிருக்காது. நான் போன நேரத்தில் ஒவ்வொரு பல்லின் மேற்கு விளிம்பிலும் ஒரு பட்டை வெளிச்சம் விழுந்திருந்தது, அடுத்த பல்லின் நிழல் அதைத் தொடவில்லை. உள்முற்றத்தின் ஒரு முனையில் பொதுக் கட்டடம் நிற்கிறது. மழலையர் பள்ளி, சலவைக்கூடம் என எல்லோருக்கும் பொதுவானவற்றை அதில் வைத்தார்கள். பற்களுக்கு முன்னால் மிஞ்சும் முக்கோண நிலத்துண்டுகளில் சைக்கிள்களும் ரோஜாச் செடிகளும் இருந்தன.

புதன் – ரோமர்ஷ்டாட்

முதலாம் எண் யு-பான் ரயில், ரோமர்ஷ்டாட் நிலையத்தில் ஓர் அகன்ற விரைவுச் சாலையின் நடுவே இறக்கிவிடுகிறது. ரோசா லுக்சம்பர்க் பெயரைக் கொண்ட இந்தச் சாலை, போருக்குப் பின் கார்களுக்காகக் கட்டப்பட்டு, குடியிருப்பை இரண்டாகப் பிளந்துவிட்டது. எனவே மாயின் மிகச் சிறந்த படைப்புக்கு வருகிறவர், அதைச் சிதைத்த கட்டுமானத்தின் மீது நின்றுதான் முதலில் அதைப் பார்க்கிறார்.

படியிறங்கி வந்ததும் இரைச்சல் குறைகிறது. 1927–28இல் எழுந்த 1,200 சொச்சம் வீடுகள், நிட்டா ஆற்றின் சரிவுக்கு மேலே நிற்கின்றன. பழங்கால ரோமானியர்களின் நிடா நகரம் இருந்த இடம் இது. ஹாட்ரியன் தெரு குடியிருப்பின் நடுவே ஓடுகிறது. அதன் ஒரு பக்கம் தெருக்கள் மலைச்சரிவின் வளைவோடு வளைந்து செல்கின்றன, மறுபக்கம் நேர்கோடாகச் செல்கின்றன. வளைவுகளில் நடந்தால் தெருவின் முடிவு எப்போதும் கண்ணுக்குத் தப்பிக்கொண்டே இருக்கிறது. ஒரே அளவு வீடுகளை நூற்றுக்கணக்கில் அடுக்கிய பிறகும் சலிப்பு தட்டாததற்கு இந்த வளைவே காரணம் என்று நினைக்கிறேன். அன்வினிடம் கற்ற இங்கிலாந்துத் தெருவும், தட்டைக் கூரை, வெள்ளைச் சுவர் என்ற புதிய ஜெர்மானியக் கட்டடமும் இங்கே ஒன்றோடொன்று சண்டையிடாமல் சேர்ந்திருக்கின்றன. இந்தச் சேர்க்கை மாய்க்கு வேறெங்கும் இவ்வளவு நன்றாக வாய்க்கவில்லை.

ஆற்றுப் பக்கம் போனால் தடுப்புச் சுவர் கோட்டை மதிலைப் போல நீள்கிறது. இடையிடையே அது வெளியே துருத்தி நின்று, மரநிழலுள்ள சிறு மேடைகளாகிறது. ஒவ்வொரு தெருவிலிருந்தும் நடந்து வருகிறவர் இப்படியொரு மேடையில் வந்து முடிகிறார். கீழே வெள்ளச் சமவெளியில் குடியிருப்பாளர்களுக்கான காய்கறித் தோட்டங்கள். தோட்டக் கலைஞர் லெபெரெஷ்ட் மிக்கெ இவற்றில் மாயோடு சேர்ந்து உழைத்தவர். போர்க்காலப் பசியை மறக்காத தலைமுறைக்குத் தோட்டம் என்பது பொழுதுபோக்கு அல்ல, சமையலுக்குக் காய் தரும் நிலம். பள்ளத்தாக்கைக் கட்டடங்களால் நிரப்பாமல், ஆற்றின் இரு கரைகளிலும் குடியிருப்புகளை வைத்து நடுவே பசுமையை விட்டதுதான் இங்கே மாய் செய்த பெரிய முடிவு. நூறு ஆண்டுகளை நெருங்கும் இந்நாளிலும் அந்தப் பசுமை அப்படியே இருக்கிறது.

‘இம் புர்க்ஃபெல்ட்’ தெருவில் 136ஆம் எண் வீட்டை 2003இல் தொடங்கப்பட்ட எர்ன்ஸ்ட் மாய் சங்கத்தினர் பழைய நிலைக்கு மீட்டு அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். குறுகலான மாடி வரிசை வீடு. வாசலில் நுழைந்ததும் இடப்பக்கம், வலப்பக்கம் என்று தேடவே வேண்டாம், இரண்டடி வைத்தால் சமையலறை வந்துவிடுகிறது.

இந்தச் சமையலறைக்காகவே உலகெங்கிலும் இருந்து ஆட்கள் வருகிறார்கள். வியன்னாவைச் சேர்ந்த மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி 1926இல் மாயின் அலுவலகத்தில் வடிவமைத்தது. அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். ரயிலின் உணவுப் பெட்டியில் இரண்டு பேர் எப்படி நூறு பேருக்குச் சமைக்கிறார்கள் என்பதிலிருந்து அவர் இதற்குக் குறிப்பெடுத்தார். ஜன்னலை ஒட்டி வெட்டுப் பலகை, அதன் முன்னால் சுழலும் முக்காலி. பலகையில் ஓர் இடுக்கு, காய்த்தோலை அதன் வழியே தள்ளினால் கீழுள்ள தட்டில் விழும். மேலே தண்டவாளத்தில் நகரும் விளக்கு. சுவரில் மடக்கி வைக்கக்கூடிய இஸ்திரிப் பலகை. மாவு வைக்கும் இழுப்பறை ஓக் மரத்தால் ஆனது, அம்மரத்தின் துவர்ப்புச் சத்துக்குப் புழு அண்டாது என்பதற்காக. அலமாரிகளின் நீலப்பச்சை நிறம் ஈ உட்காராது என்ற நம்பிக்கையில் பூசப்பட்டது.

என் கண் நின்றது வரிசையாகச் செருகப்பட்ட அலுமினியப் பெட்டிகளில். ஒவ்வொன்றுக்கும் ஒரு கைப்பிடி, எதிர்முனையில் கொட்டுவாய். பெட்டியை உருவிச் சாய்த்தால் நேரே பாத்திரத்தில் விழும், அளவுக் கரண்டி தேவையில்லை. சர்க்கரை, பருப்பு என்று பெயர் பொறித்திருந்தவற்றுக்கு நடுவே அரிசிக்கும் ஒன்று இருந்தது. ஒரு கிலோ கொள்ளும். நம் வீட்டுக்கு இரண்டு நாளுக்குக்கூடக் காணாது.

இச்சமையலறையில் ஒருவர் மட்டுமே நிற்க முடியும். ஒரு பெண்ணின் நடையை மிச்சப்படுத்தி அவளுடைய நேரத்தைத் திருப்பித் தருவது நோக்கம். ஆனால் அதே வடிவம் அவளைத் தனியே ஓர் அறைக்குள் அடைத்தது என்று 1970களில் பெண்ணியவாதிகள் விமர்சித்தார்கள். நியாயமான விமர்சனம். லிஹோட்ஸ்கி இதை வரையும் வரை தாம் குடும்பம் நடத்தியதோ சமைத்ததோ இல்லை என்று பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஏறத்தாழ 10,000 வீடுகளில் இது பொருத்தப்பட்டது. வீட்டோடு சேர்த்தே கட்டி, விலையை வாடகையில் சேர்த்துவிட்டதால்தான் அத்தனை வீடுகளுக்கு அது போய்ச் சேர்ந்தது.

ரோமர்ஷ்டாட் முழுவதும் மின்மயமாக்கப்பட்ட முதல் ஜெர்மானியக் குடியிருப்பு. அடுப்பும் மின்சாரம், வெந்நீரும் மின்சாரம். இதில்தான் என் கேள்வி வந்து முட்டுகிறது. கடன் வட்டியும் கட்டுமானச் செலவும் ஏறியதால் வாடகை ஏறியது, அதன்மேல் மின்கட்டணம். ஆலைத் தொழிலாளியால் இங்கே குடிவர முடியவில்லை. வந்தவர்கள் எழுத்தர்கள், ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள், நல்ல சம்பளம் வாங்கிய கைவினைஞர்கள். மாய் இதை அறியாதவர் அல்லர், அடுத்த இரண்டு ஆண்டுகள் அவர் செய்ததெல்லாம் இந்தக் கணக்கைச் சரிசெய்யும் முயற்சியே.

வியாழன் – பிரௌன்ஹைம், வெஸ்ட்ஹௌசன்

ரோமர்ஷ்டாட்டிலிருந்து பிரௌன்ஹைமுக்கும் அங்கிருந்து வெஸ்ட்ஹௌசனுக்கும் நடந்தே போகலாம். நிட்டா கரையோரம் சைக்கிள் பாதை இருக்கிறது. பணம் எப்படிச் சுருங்கியது என்பதை இவ்வளவு கச்சிதமாகக் காலால் அளக்கக்கூடிய நடை வேறெங்கும் உண்டா என்று தெரியவில்லை.

பிரௌன்ஹைம் 1926இல் தொடங்கியது. இங்கேதான் மாய் தொழிற்சாலை முறையைச் சோதித்தார். நுரைக்கல் கலந்த கான்கிரீட்டில் 3 மீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் கனமும் கொண்ட சுவர்ப் பலகைகளை நகராட்சியே வார்த்து, கிரேன் மூலம் தூக்கி நிறுத்தியது. வேலையற்றோர் பலருக்கு அந்தத் தொழிற்கூடம் வேலை கொடுத்தது. ஆனால் வீடு எதிர்பார்த்த அளவுக்கு மலிவாகவில்லை, சுவர்களில் குறைகள் பற்றிய புகார்களும் அக்காலத்திலேயே எழுந்தன.

இன்றைய பிரௌன்ஹைமை முதலில் அடையாளம் கண்டுகொள்ளவே சிரமமாக இருந்தது. ஒரு வீட்டுச் சுவரில் செங்கல் போன்ற ஓடு ஒட்டியிருக்கிறது, அடுத்ததில் வாசலுக்கு மேல் செப்புத் தகட்டுக் கூரை, அதற்கடுத்ததில் அலங்காரக் கதவு. ஜன்னல்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. காரணம் எளியது: ரோமர்ஷ்டாட் நகராட்சி நிறுவனத்தின் வாடகை வீடாகவே நீடித்தது, பிரௌன்ஹைம் குடியிருப்போருக்கே விற்கப்பட்டது. சொந்த வீட்டில் அவரவர் மனம்போல் மாற்றினார்கள். கட்டடக்கலை வரலாற்றாசிரியர்கள் இதைப் பார்த்து வருந்துவார்கள். எனக்கு வருத்தம் வரவில்லை. ஒரு வீட்டின் முன்னால் முதியவர் ஒருவர் புதிதாகப் போட்ட கல்தளத்தில் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். வீட்டைப் படம் எடுக்கலாமா என்று கேட்டேன். “எடுங்கள், ஆனால் பக்கத்து வீடு இன்னும் அழகு,” என்றார்.

வெஸ்ட்ஹௌசன் 1929–31. வளைவு இல்லை, மதில் இல்லை, மேடை இல்லை. வரிசைகள் எல்லாம் தெருவுக்குச் செங்குத்தாக, ஒரே இடைவெளியில், படுக்கையறைக்குக் காலை வெயிலும் கூடத்துக்கு மாலை வெயிலும் கிடைக்குமாறு நிற்கின்றன. 1929 அக்டோபரில் நவீனக் கட்டடக் கலைஞர்களின் இரண்டாவது சர்வதேச மாநாடு பிராங்க்ஃபர்ட்டில் கூடியது. மிகக் குறைந்த வருமானத்துக்கான வீடு எவ்வளவு சிறியதாக இருக்கலாம் என்பதே அதன் பொருள். மாநாடு நடந்த அதே மாதத்தில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. வெஸ்ட்ஹௌசனின் மாடி வீடுகள் கீழ்த்தளத்தில் ஒரு குடும்பம், மேல்தளத்தில் ஒரு குடும்பம் என 40 சதுர மீட்டர் அளவில் பிரிக்கப்பட்டன, நல்ல காலம் வந்தால் இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு. ஓரத்தில் ஃபெர்டினாண்ட் கிராமரும் ஓய்கன் பிளாங்கும் அமைத்த நான்கு மாடிக் கட்டடங்களில் வீடுகள் வெளிநடைகளின் வழியே திறக்கின்றன, நம் ஊர் அரசுக் குடியிருப்புகளைப் போல.

பலர் இந்த வரிசைகளைச் சிறை முகாம் என்று ஏசியிருக்கிறார்கள். நேரில் பார்த்தால் அந்த ஏச்சு பாதிதான் உண்மை. வரிசைகளுக்கு இடையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தோட்டத் துண்டு, இடுப்பளவு வேலி, அதில் வெங்காயத்தாளும் அவரைப் பந்தலும். வீட்டைச் சுருக்கியவர் மண்ணைச் சுருக்கவில்லை. வாடகை குறைந்ததால் ரோமர்ஷ்டாட்டில் நுழைய முடியாதவர்கள் இங்கே நுழைய முடிந்தது. ஆனால் அதற்குள் வேலையின்மை வந்துவிட்டது.

வெள்ளி – நகருக்குள்

நேற்று நடந்த களைப்பில் இன்று அதிகம் சுற்றவில்லை. மாயின் சக ஊழியர் மார்ட்டின் எல்செசர் 1928இல் முடித்த மொத்தச் சந்தைக் கூடத்தை வெளியிலிருந்து பார்த்தேன். 220 மீட்டர் நீளம், கூரை 15 மெல்லிய கான்கிரீட் வளைவுகள். ஊரார் இதைக் காய்கறித் தேவாலயம் என்று கேலி செய்தார்கள். 1941 முதல் 1945 வரை இதே கூடத்தின் நிலவறையில்தான் பிராங்க்ஃபர்ட் யூதர்களைக் கூட்டிவைத்து ரயிலேற்றிக் கொலைமுகாம்களுக்கு அனுப்பினார்கள். இன்று ஐரோப்பிய மத்திய வங்கியின் நுழைவுக் கட்டடம் கூடத்தைத் துளைத்துக்கொண்டு நிற்கிறது, அருகே நினைவிடம் இருக்கிறது.

மாயை அழைத்த மேயர் லாண்ட்மான் யூத வம்சத்தவர். 1933இல் பதவி இழந்து, பின்னர் நெதர்லாந்துக்குத் தப்பி, தலைமறைவாக இருந்த இடத்தில் 1945 மார்ச்சில் பட்டினியால் நலிந்து இறந்தார். பொருளாளர் ஆஷ் 1940இல் ஆம்ஸ்டர்டாமில் தற்கொலை செய்துகொண்டார். அந்த மூவரில் உயிர் தப்பியவர் மாய் மட்டுமே. அவர் அப்போது ஆப்பிரிக்காவில் இருந்தார். மாலையில் நகரின் பெரிய இடுகாட்டுக்குப் போனேன், மாய் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

சனி – பிரேமனுக்கு ரயிலில்

ஹனோவர் வழியாகப் போகும் ரயிலில் பல மணி நேரம் இருப்பதால், நான் போக முடியாத இடங்களைப் பற்றி எழுதிவிடலாம்.

வரிப்பணம் வறண்ட 1930இன் இலையுதிர் காலத்தில் மாய் பதவியை விட்டு, பதினைந்து இருபது நிபுணர்களோடு சோவியத் ஒன்றியத்துக்கு ரயிலேறினார். லிஹோட்ஸ்கி, மார்ட் ஸ்டாம், ஹான்ஸ் ஷ்மிட் ஆகியோர் அந்தக் குழுவில் இருந்தனர். ஊரல் மலையடிவாரத்தில் மக்னிட்டோகோர்ஸ்க் எஃகு நகரத்தைத் திட்டமிடுவது முதன்மைப் பணி. நிலத்துக்குத் தனி உரிமையாளர் இல்லாத நாட்டில் வீடு கட்டுவது எளிது என்று அவர் நம்பியிருக்க வேண்டும். ஆனால் அவர் போய்ச் சேர்ந்தபோது ஆலை வேலை தொடங்கியிருந்தது, நகரத்துக்கான இடம் ஆலைப் புகைக்கு எதிரே மாறி மாறி விவாதிக்கப்பட்டது, திட்டங்கள் மேலிடத்தில் திருத்தப்பட்டுக்கொண்டே இருந்தன. அவருடைய வரைபடப்படி எழுந்தது பெரும்பாலும் முதல் தொகுதி மட்டுமே. அதுவும் வெஸ்ட்ஹௌசனைப் போன்ற வரிசைகள்தாம்.

1933இல் ஒப்பந்தம் முடிந்தபோது ஜெர்மனி ஹிட்லரின் கையில் இருந்தது. தட்டைக் கூரையே அந்நியச் சதி என்று பேசிய ஆட்சியில் அவருக்கு இடமில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கனிக்காவில் அருஷாவுக்கு அருகே பண்ணை வாங்கிக் காப்பி பயிரிட்டார். பின்னர் நைரோபியில் கட்டடக் கலைஞராகத் தொழில் தொடங்கினார். போர் மூண்டதும், நாஜிகளுக்குத் தப்பி வந்தவரையே பகை நாட்டவர் என்று பிரிட்டிஷார் ஈராண்டு காலம் முகாமில் அடைத்தனர். முகாமிலிருந்து விடுதலையான பின் கம்பாலாவின் நகுரு, கொலோலோ குன்றுகளுக்கான விரிவாக்கத் திட்டத்தை வரைந்தார். ஐரோப்பியர், ஆசியர், ஆப்பிரிக்கர் தனித்தனியே வாழ வேண்டும் என்ற காலனி ஆட்சியின் பிரிவினையை அதில் அவர் கேள்வி கேட்கவில்லை. பிராங்க்ஃபர்ட்டில் எல்லோருக்கும் வெயில் பங்கிட்டவரிடம் இதை எதிர்பார்க்கவில்லை என்று சொல்வதற்கில்லை. அங்கேயும் அவர் யாருக்கு எவ்வளவு என்பதை மேலிருந்து தீர்மானித்தவர்தான். மோஷியில் கிளிமஞ்சாரோ காப்பி விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கட்டிய கட்டடமும் மொம்பாசாவின் ஓஷியானிக் ஹோட்டலும் அவருடைய ஆப்பிரிக்க ஆண்டுகளின் நல்ல பக்கத்தைக் காட்டுகின்றன.

ஞாயிறு – பிரேமன், நோயே ஃபார்

1954இல், 67 வயதில் ஜெர்மனி திரும்பிய மாய், ஹாம்பர்க்கில் தொழிற்சங்கங்களின் வீட்டு நிறுவனமான ‘நோயே ஹைமாட்’டின் திட்டப் பிரிவுக்குத் தலைமையேற்று 1956 வரை இருந்தார். குண்டுவீச்சில் அழிந்த நாட்டுக்கு லட்சக்கணக்கில் வீடுகள் தேவைப்பட்ட காலம் அது. பிரேமனின் கிழக்கே 1957 முதல் 1962 வரை எழுந்த நோயே ஃபார், சுமார் 10,000 வீடுகள் கொண்டது. ஹான்ஸ் பெர்ன்ஹார்ட் ரைஷோ, மாக்ஸ் சாய்மே, குந்தர் ஹாஃபெமான் ஆகியோரோடு சேர்ந்து மாய் திட்டமிட்டார். ஐந்தாண்டில் பிராங்க்ஃபர்ட் முழுவதற்கும் செய்ததை இங்கே ஒரே புறநகரில் செய்துவிட்டார்கள்.

முதலாம் எண் டிராம் நேரே பெர்லினர் ஃப்ரைஹைட் வணிக வளாகத்தில் கொண்டுவந்து விடுகிறது. அருகே பின்லாந்தின் அல்வார் ஆல்ட்டோ வடிவமைத்த 22 மாடிக் கட்டடம் விசிறி போல மேற்கே விரிந்திருக்கிறது. மற்ற கட்டடங்கள் நான்கு மாடி, எட்டு மாடிப் பெட்டிகள், நடுவே நிறையப் புல்வெளி, பெரிய மரங்கள். குடியிருப்பு ஐந்து அண்டைப்பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. அன்வினிடம் கற்ற பசுமையும் வெஸ்ட்ஹௌசனின் வரிசையும் இங்கே இருக்கின்றன. ஆனால் தெரு என்று ஒன்று இல்லை. புல்வெளி யாருடையதும் அல்ல. ரோமர்ஷ்டாட்டில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு மண்வெட்டி இருந்ததைப் பார்த்தவனுக்கு, இங்கே நகராட்சி இயந்திரம் புல் வெட்டிக்கொண்டு போவது கொஞ்சம் வெறுமையாகத்தான் இருந்தது.

வணிக வளாகத்துப் பேக்கரியில் எதிரே அமர்ந்த மூதாட்டி, இங்கு முதலில் குடிவந்த குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர். போருக்குப் பின் பல ஆண்டுகள் மூன்று குடும்பங்களோடு ஒரு கழிப்பறையைப் பகிர்ந்திருந்தார்களாம். “சாவியை வாங்கிய அன்று என் அம்மா குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பிவிட்டு அதன் ஓரத்தில் உட்கார்ந்தே இருந்தாள்,” என்றார். அவருடைய அப்பா துறைமுகத் தொழிலாளி. வாடகை கட்ட முடிந்ததா என்று கேட்டேன். “முடிந்தது. அதனால்தானே வந்தோம்,” என்றார், கேள்வியே விசித்திரமாக இருக்கிறது என்பது போல.

அரசு மானியமும் தொழிற்சங்க நிறுவனமும் சேர்ந்ததால் 1927இல் ரோமர்ஷ்டாட்டில் முடியாதது இங்கே முடிந்தது. நோயே ஹைமாட்டின் தலைவர்கள் தங்கள் பைகளை நிரப்பிக்கொண்டது 1982இல் அம்பலமாகி அந்த நிறுவனம் கலைந்தது. மாய் அதைப் பார்க்கவில்லை, 1970 செப்டம்பரில் ஹாம்பர்க்கில் காலமானார். இங்குள்ள வீடுகளில் பெரும்பாலானவற்றை இன்று பிரேமனின் கெவோபா நிறுவனம் வாடகைக்கு விடுகிறது. அழைப்பு மணிப் பலகைகளில் துருக்கி, ரஷ்யப் பெயர்களே அதிகம் தெரிந்தன.